பத்துக் கிலோ ஐஸ் ஒரு விமானத்தை இறக்கிவிடுமா?

காசிமேட்டில் ஒரு பெட்டி வஞ்சிரத்துக்கு மேல் அள்ளிப் போடுகிற நொறுக்கிய ஐஸே சாதாரணமாகப் பத்துக் கிலோ வந்துவிடும். ஒரு சின்ன விமானத்தின் இறக்கை முன்விளிம்பு முழுவதும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி படிந்தாலும் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பைலட் பயிற்சியில் உலகமெங்கும் புழங்கும் செஸ்னா 172-இன் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். முன்விளிம்பில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு, ஒரு சென்டிமீட்டர் தடிமனில் பனி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 11 × 0.1 × 0.01 பெருக்கினால் 0.011 கன மீட்டர். பனிக்கட்டி ஒரு கன மீட்டர் சுமார் 900 கிலோ. ஆக, பத்துக் கிலோ.

172-இன் எஸ் ரகம் 1,157 கிலோ மொத்த எடையுடன் கிளம்பக்கூடியது. அதில் பத்துக் கிலோ என்பது பின்சீட்டில் இன்னொரு பையை வைத்த மாதிரி. அப்படியிருந்தும் அந்த விமானத்தின் கையேடு, பனி உறையும் என்று தெரிந்த வானத்துக்குள் போவதையே தடை செய்கிறது. புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பனி விமானத்தைப் பாரத்தால் அமுக்கிக் கீழே தள்ளுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பனி செய்கிற கெடுதல் வேறு. அது இறக்கையின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. மலைமேல் என்றால், தப்பித்து வருகிற வழிகளையும் ஒவ்வொன்றாக அடைத்துவிடுகிறது.

பூஜ்யத்துக்குக் கீழேயும் தண்ணீர்

தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்தது பாதிதான் சரி. பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும், அது நிச்சயம். ஆனால் தண்ணீர் உறைவதற்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும்: ஒரு தூசி, ஒரு பனித்துகள், அல்லது ஒரு அதிர்ச்சி. அது கிடைக்காவிட்டால் மேகத்தின் நுண்துளிகள் மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியிலும் தண்ணீராகவே மிதக்கும். மைனஸ் 40-ஐ நெருங்கும்போதுதான் எந்தத் துணையும் இல்லாமல் தானாக உறையும். இதற்கு மிகைகுளிர் நீர் என்று பெயர்.

வீட்டிலேயே பார்க்கலாம். கடையில் விற்கும் சீல் உடைக்காத குடிநீர் பாட்டில் ஒன்றை ஃப்ரீசரில் படுக்கவைத்து, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஆட்டாமல் அசைக்காமல் விடுங்கள். மெதுவாக வெளியே எடுத்து மேசையில் ஒரு தட்டு தட்டினால், தெளிந்த தண்ணீருக்குள் வெள்ளைப் பனி மேலிருந்து கீழே ஓடி இறங்கும். எல்லா முறையும் பலிக்காது, நேரம் கொஞ்சம் தப்பினால் கட்டியாகியிருக்கும். பலித்தால் மறக்க முடியாது. மேகத்துக்குள் இருக்கும் துளிக்கு அந்தத் தட்டைக் கொடுப்பது விமானத்தின் இறக்கை.

நம் தலைக்கு மேலும் இதே கதைதான். துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் வெள்ளைக் குமிழாகத் தெரிகிறதே வானிலை ரேடார், அது மழைநாளில் சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பளிச்சென்ற பட்டையைக் காட்டுவதுண்டு. மேலேயிருந்து விழும் பனித்துகள்கள் உருகித் தண்ணீராகிற உயரம் அது. உருகும் பனி, ரேடார் அலையைப் பலமாகத் திருப்பி அனுப்பும். தண்டையார்பேட்டையில் தேங்கி நிற்கிற ஐப்பசி மழையில் பெரும்பங்கு, மேலே இருந்தபோது பனியாக இருந்ததுதான்.

ஐஸ் பாரின் நடுவில் ஏன் வெள்ளை?

பனி உறைவதில் இரண்டு முக்கிய ரகம் உண்டு. பைலட்டுகள் ரைம், கிளியர் என்பார்கள். இரண்டும் கலந்து வருவது மூன்றாவது ரகம். இவற்றின் வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள மீன்பிடித் துறைமுகத்தின் ஐஸ் பாரைவிட நல்ல உதாரணம் கிடையாது. தகர கேனில் தண்ணீர் நிரப்பி, குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். கேனின் சுவர்ப்பக்கம் முதலில் உறையும், நடுப்பகுதி கடைசியாக உறையும். உறைகிற பனி, தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் போக்கிடமில்லாத காற்று நடுவில் குமிழ் குமிழாகச் சிக்கும். அதனால்தான் பாரின் ஓரம் கண்ணாடி போலவும் நடு பால் போலவும் இருக்கிறது. காற்று சிக்காத பனி தெளிவாக இருக்கும், சிக்கிய பனி வெள்ளையாகத் தெரியும்.

சின்னத் துளி, கடுங்குளிர் என்றால், துளி இறக்கையில் பட்ட இடத்திலேயே நொடியில் உறைந்துவிடும். துளிக்கும் துளிக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். பால்வெள்ளையாக, சொரசொரப்பாக, நொறுங்கும் தன்மையோடு முன்விளிம்பிலேயே படிவது ரைம். மைனஸ் 15-க்குக் கீழே இதுதான் அதிகம்.

கிளியர் ஐஸ் பெரிய துளியில், 0-க்கும் மைனஸ் 10-க்கும் இடையில் வரும். அங்கே ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். ஆகவே மைனஸ் 10 டிகிரித் துளி ஒன்று மோதியவுடன் எட்டில் ஒரு பங்குதான் உறைய முடியும். அந்தப் பங்கு உறைந்து விட்ட வெப்பமே மீதியை 0 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறது. மீதி ஏழு பங்கு தண்ணீராகவே இறக்கைமேல் பின்னோக்கி வழிந்து, போகிற வழியில் குளிர்காற்றுக்கு வெப்பத்தை இழந்து, மெல்ல மெல்ல உறைகிறது. கண்ணாடி போல இருப்பதால் பார்த்தவுடன் தெரியாது. கெட்டியாக ஒட்டும். முன்விளிம்பின் மேலும் கீழும் ஆட்டுக்கொம்பு போல இரண்டாக வளரும். பின்னால் வழிந்த பகுதி, எந்தக் கருவியும் எட்டாத இடத்தில் போய் உறையும். மூன்றிலும் ஆபத்து மிகுந்தது இதுதான். ரைம் கெட்டது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது.

உப்புத்தாள் அளவு போதும்

ஃபைபர் படகை மாதக்கணக்கில் தண்ணீரிலேயே விட்டால் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டும். படகின் எடை பெரிதாகக் கூடியிருக்காது, ஆனால் அதே எஞ்சின், அதே டீசலில் வேகம் குறைந்திருக்கும். கரையில் கவிழ்த்துப்போட்டுச் சுரண்டியவுடன் பழைய ஓட்டம் திரும்பிவிடும். இறக்கையிலும் விவகாரம் சொரசொரப்புதான். ஒரு வித்தியாசம்: படகு மெதுவாகப் போனாலும் மிதக்கும். விமானம் மெதுவாகப் போனால் விழும்.

முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் கரடுமுரடான உப்புத்தாள் அளவுக்குப் பனி படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், காற்றின் எதிரிழுப்பு 40 சதவீதம் வரை கூடலாம் என்று அமெரிக்க விமானப் பாதுகாப்பு வழிகாட்டிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. உப்புத்தாள் என்றால் தச்சர் கடையில் வாங்குகிற அந்த உப்புத்தாளேதான், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

இந்த 30 சதவீதத்தை வேகமாக மாற்றிப் பாருங்கள். 172 எஸ், முழு எடையில், ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) இறக்காமல், வேகமானி காட்டும் வேகம் 48 நாட் (மணிக்குச் சுமார் 89 கிலோமீட்டர்) ஆகும்போது ஸ்டால் ஆகும். ஸ்டால் என்றால் எஞ்சின் நின்றுபோவது இல்லை. இறக்கையின் மேல் ஓடும் காற்று மேற்பரப்பைவிட்டுப் பிய்ந்துபோய் தூக்குவிசை சரிவது. இறக்கை கொடுக்கக்கூடிய உச்சத் தூக்கு 30 சதவீதம் குறைந்தால், ஸ்டால் வேகம் சுமார் 20 சதவீதம் கூடும்: 57 நாட். இப்போது அந்தப் பைலட் 45 டிகிரி சாய்ந்து திரும்புகிறார். திருப்பத்தில் பாரம் கூடுவதால் இன்னொரு 19 சதவீதம் ஏறும்: 68 நாட். சாதாரண நாளில் ரன்வேயை நோக்கி நிம்மதியாக இறங்கிவருகிற வேகமே 65, 70 நாட்தான். நேற்று பத்திரமாக இருந்த வேகம் இன்று ஸ்டால் வேகம். இதில் பத்துக் கிலோ எடைக்கு எந்த வேலையும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எச்சரிக்கை ஒலி காப்பாற்றுமா? அதை நம்ப முடியாது. ஸ்டால் ஹார்ன், சுத்தமான இறக்கை எந்தக் கோணத்தில் தோற்கும் என்பதை வைத்து அமைக்கப்பட்டது. பனி பிடித்த இறக்கை அதைவிடக் குறைந்த கோணத்திலேயே தோற்றுவிடும். ஹார்ன் வாய் திறப்பதற்கு முன்பே விமானம் உதறத் தொடங்கலாம். போதாக்குறைக்கு ஹார்னின் துளையிலும் பனி அடைத்திருக்கும்.

ஆட்டோபைலட் இதைவிட மோசமான நண்பன். உயரத்தைப் பிடித்துவைக்கச் சொன்னால், தூக்குவிசை குறையக் குறைய மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே இருக்கும், வேகம் கரைந்துகொண்டே போகும், பைலட்டுக்கு எதுவும் உறைக்காது. தாங்க முடியாத கட்டத்தில் சட்டென்று கையை விரித்துவிடும். அதனால்தான் பனியில் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையில் பிடித்து ஓட்டச் சொல்கிறார்கள். கையில் பிடித்தால் விமானம் கனப்பது விரலுக்குத் தெரியும்.

முதலில் எங்கே ஒட்டும்?

மெல்லிய பொருளில்தான். தடித்த இறக்கை வருவதற்கு முன்பே காற்று விலகத் தொடங்கிவிடும், சின்னத் துளிகள் காற்றோடு சேர்ந்து நழுவிப்போகும். குச்சி மாதிரியான பொருளுக்குக் காற்று அவ்வளவு முன்னதாக விலகாது, துளி நேராக வந்து மோதும். ஆகவே வெளி வெப்பநிலை காட்டும் குச்சி, ஆன்டெனா, இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட், டயர் மூடியின் ஓரம் இவையெல்லாம் முந்திக்கொள்ளும். பைலட் கண் வைத்திருக்க வேண்டிய இடம் அந்தக் குச்சிதான்.

இதிலேயே ஒரு கசப்பான உண்மை ஒளிந்திருக்கிறது. வாலிலிருக்கும் கிடைத்தளம் இறக்கையைவிட மெல்லியது. இறக்கையில் கொஞ்சம் தெரிகிறது என்றால் வாலில் அதைவிட அதிகம் இருக்கலாம், அது பைலட்டின் கண்ணுக்கே தெரியாது. வால் வழக்கமாகக் கீழ்நோக்கி அழுத்தி மூக்கைச் சமநிலையில் வைத்திருக்கும். இறங்கும்போது ஃபிளாப்பை முழுக்க இறக்கினால் வாலின் மேல் சுமை கூடும். பனி பிடித்த வால் அந்த நேரம் பார்த்து ஸ்டால் ஆனால் மூக்கு திடீரென்று குப்புறக் கவிழும். அதற்கு மீட்பு முறை வழக்கமான ஸ்டாலுக்கு நேர் எதிர்: ஃபிளாப்பை முன்பிருந்த நிலைக்கு ஏற்றி, கட்டுப்பாட்டை இழுக்க வேண்டும். ஆனால் இறக்கை ஸ்டால்தான் மிகுதி. எது என்று தெரியாமல் இழுத்துவிட்டால் அதுவே விழுத்திவிடும். ஃபிளாப் இறக்கிய அடுத்த நொடியில் வந்த கோளாறா, வேகம் குறைந்து வந்த கோளாறா என்பதுதான் பிரித்தறியும் கேள்வி.

பிட்டோ குழாய் தனிக்கதை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் குழாயில் மோதும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேகமானி வேலை செய்கிறது. முன்துளை மட்டும் அடைத்து, தண்ணீர் வடியும் துளை திறந்திருந்தால் வேகம் பூஜ்யத்துக்கு இறங்கும். பயமாக இருந்தாலும் கருவி கெட்டுவிட்டது என்று உடனே புரிந்துவிடும். இரண்டு துளையும் அடைத்தால்தான் விபரீதம். குழாய்க்குள் அழுத்தம் அப்படியே பூட்டிக்கொள்ளும். விமானம் மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், வேகமானி வேகம் கூடுவதாகக் காட்டும். ‘அய்யய்யோ, வேகம் ஏறுகிறதே’ என்று பைலட் மூக்கைத் தூக்குவார். இன்னும் ஏறும், இன்னும் கூடும். உண்மையில் வேகம் செத்துக்கொண்டிருக்கும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்த ஏர் பிரான்ஸ் 447, பனிப்படிகங்கள் பிட்டோ குழாய்களைச் சிறிது நேரம் அடைத்ததில் தொடங்கியது. அது பெரிய ஜெட், மலையும் அங்கில்லை. ஆனால் தவறான வேகத்தைப் பார்க்கிற மனிதன் என்ன செய்வான் என்பது சின்ன விமானத்திலும் அதேதான்.

மலை என்ன கூடுதலாகச் செய்கிறது?

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கொட்டிவைத்திருக்கும் கருங்கல் தடுப்பில் அலை வந்து மோதினால் எப்படி எழும்புகிறது? ஈரக்காற்று மலையில் மோதினாலும் அப்படித்தான், மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஏறும் காற்று குளிரும், குளிர்ந்தால் மேகமாகும். சமவெளியில் மேகம் கொஞ்சநேரத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் களைத்துப்போகும். மலையில் காற்று வீசும்வரை கீழேயிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஏறுகாற்று பலமாக இருப்பதால் பெரிய துளிகளையும் விழவிடாமல் தாங்கிப்பிடிக்கும். பெரிய துளி என்றால் கிளியர் ஐஸ்.

காற்று வந்து மோதும் பக்கமும் மலைமுகட்டுக்கு நேர் மேலேயும்தான் மிக மோசமான இடம். அந்த வலயம் பொதுவாக முகட்டுக்கு மேல் 5,000 அடி வரை நீளும் என்பது பழைய வானிலைப் பாடநூல்களிலிருந்து இன்றுவரை சொல்லப்படும் விதி. மேகம் காலிஃபிளவர் போலக் குவிந்து வளர்ந்திருந்தால் அதற்கும் மேலே போகும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் போனால் பனி குறையும், ஆனால் அங்கே காற்று கீழ்நோக்கி வாரிக்கொண்டு போகும். பனி பிடித்த விமானத்தால் அந்த இறங்குகாற்றை எதிர்த்து ஏற முடியாது.

ஒரு கணக்கு. குளிர்காலத்தில் மேற்கத்தியக் காற்றழுத்தச் சுழல்கள் இமயத்தை ஈரமாக்கும் ஒரு நாள். குல்லு பள்ளத்தாக்கின் பூந்தர் விமானநிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி. தரையில் 12 டிகிரி என்று வைப்போம். ஆயிரம் அடிக்கு 2 டிகிரி குறையும் என்ற கைக்கணக்குப்படி, 6,000 அடி ஏறினால் 0. அதாவது 9,500 அடியில் உறைநிலை. சுற்றியுள்ள முகடு 12,000 அடி என்றால், மலைப்பகுதியில் 2,000 அடி இடைவெளி விட வேண்டும் என்ற விதிப்படி 14,000 அடியில் பறக்க வேண்டும். அங்கே மைனஸ் 9 டிகிரி, கிளியர் ஐஸின் சொந்த வீடு.

இப்போது விமானத்தைப் பாருங்கள். 172 எஸ்-இன் உயர வரம்பே 14,000 அடி. உயர வரம்பு என்பதற்கு அர்த்தம், அங்கே நிமிடத்துக்கு 100 அடிதான் ஏற முடியும் என்பது. அதுவும் புதிய எஞ்சின், சுத்தமான இறக்கையோடு. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சின் தரைமட்டத்தில் கொடுத்த சக்தியில் அறுபது சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் கொடுக்கும். இந்த நிலையில் எதிரிழுப்பு 40 சதவீதம் கூடினால் ஏறுவது இருக்கட்டும், இருக்கிற உயரத்தைக்கூடப் பிடித்துவைக்க முடியாது.

சமவெளியில் பனி பிடித்தால் மூன்று வாசல் உண்டு: மேலே ஏறி மேகத்தைத் தாண்டுவது, கீழே இறங்கி வெதுவெதுப்பான காற்றில் உருகவிடுவது, வந்த வழியே திரும்புவது. மேல்வாசலை எஞ்சின் அடைத்துவிட்டது. உருகவைக்கும் காற்று 9,500 அடிக்குக் கீழே இருக்கிறது, ஆனால் மேகத்துக்குள் 12,000 அடியில் பாறை நிற்கிறது. மிச்சம் திரும்புவது ஒன்றுதான். அதையும் சாய்ந்து திரும்ப வேண்டும், சாய்ந்தால் ஸ்டால் வேகம் ஏறும். மலைமேல் பனி பொல்லாதது என்பதற்கு விளக்கம் இவ்வளவே.

தமிழ்நாட்டு மலைகளில் இந்தப் பயம் ஏன் இல்லை என்று கேட்கலாம். சென்னையில் 32 டிகிரி என்றால் அதே கைக்கணக்கில் உறைநிலை 16,000 அடி. தொட்டபெட்டா 8,650 அடி. ஊட்டிக்கு மேலே பறக்கும் சின்ன விமானம் உறைநிலைக்கு வெகு கீழேயே இருக்கும். ஆகவே இங்கே பயிற்சி எடுத்தவருக்கு இறக்கைப் பனி தேர்வுத்தாளில் வரும் பாடம் மட்டும்தான். அதுவே ஒரு ஆபத்து. வடக்கே போனபிறகு முதன்முதலாக அதைப் பார்க்கும்போது அனுபவம் பூஜ்யமாக இருக்கும்.

என்ன தற்காப்பு இருக்கிறது?

பனி எதிர்ப்பு வசதிகளோடு சான்று பெற்ற விமானங்களில் மூன்று வழி உண்டு. முன்விளிம்பில் ‘பூட்’ என்கிற ரப்பர் உறையை ஒட்டி, காற்றை ஊதி உப்பவைத்துப் பனியை உடைத்து உதிர்ப்பது. இறக்கையின் நுண்துளைகள் வழியே கிளைக்கால் (glycol) என்ற, எளிதில் உறையாத திரவத்தைக் கசியவிட்டு ஒட்டாமல் தடுப்பது. ஜெட்டுகளில் எஞ்சினின் சூடான காற்றை முன்விளிம்புக்குள் ஓடவிடுவது. புரொப்பெல்லருக்கு மின்சூடு அல்லது அதே திரவம்.

எதுவும் முழுக் கவசம் இல்லை. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் ரோஸ்லான் அருகே ஏடிஆர் 72 ஒன்று விழுந்து 68 பேரும் இறந்தார்கள். அதில் ரப்பர் பூட் இருந்தது, வேலையும் செய்தது. ஆனால் வானத்தில் இருந்தவை தூறல் அளவுப் பெரிய துளிகள். அவை பூட்டைத் தாண்டி வழிந்து அதன் பின்னால் மேடாக உறைந்தன. அந்த மேடு இறக்கையின் சாய்வைக் கட்டுப்படுத்தும் எய்லிரானைத் தானாகத் திருப்பிவிட்டது. பிறகு அந்த ரகத்தில் பூட்டைப் பின்னோக்கி அகலமாக்கினார்கள். சான்று என்பது குறிப்பிட்ட துளி அளவுக்குத் தரப்பட்ட சான்று, எல்லாப் பனிக்கும் அல்ல என்பதை உலகம் அந்த விலை கொடுத்துக் கற்றது.

172-இல் என்ன இருக்கிறது? பிட்டோ சூடு, முன்கண்ணாடிக்கு வெறும் கேபின் சூட்டுக் காற்று, அவ்வளவுதான். இறக்கைக்கும் வாலுக்கும் புரொப்பெல்லருக்கும் ஒன்றுமில்லை.

ஆகவே வேலை தரையில் தொடங்குகிறது. உறைநிலை எத்தனை அடி, மேகம் எத்தனை அடியில் தொடங்கி எதில் முடிகிறது, பாதையில் இருக்கவேண்டிய குறைந்தபட்ச உயரம் எவ்வளவு என்று மூன்று எண்களைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். குறைந்தபட்ச உயரம் உறைநிலைக்கு மேலேயும் மேகத்துக்கு உள்ளேயும் விழுந்தால் அன்று போகக் கூடாது. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. இரவு வெளியில் நின்ற விமானத்தில் உறைபனி படிந்திருந்தால் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் நீக்க வேண்டும். வெந்நீர் ஊற்றுவது புத்திசாலித்தனமாகத் தெரியும், ஆனால் வழிந்த தண்ணீர் கீல்களுக்குள் போய் மறுபடி உறைந்து கட்டுப்பாட்டையே இறுக்கிவிடும்.

மேலே போனபின் மாட்டிக்கொண்டால்: ஈரம் கண்ணுக்குத் தெரிந்து வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே வரும்போதே பிட்டோ சூட்டைப் போட்டிருக்க வேண்டும், அடைத்தபிறகு போட்டால் உருக நேரம் பிடிக்கும். குச்சியில் முதல் வெள்ளை தெரிந்தவுடன் திரும்புங்கள். ‘இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம்’ என்ற நினைப்புத்தான் பலரைக் கொன்றது. திரும்பும்போது சாய்வு 15, 20 டிகிரிக்கு மேல் வேண்டாம். கட்டுப்பாட்டு அறையிடம் பனி பிடிக்கிறது, உயரம் மாற வேண்டும் என்று உடனே சொல்லுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. எஞ்சின் காற்று வடிகட்டி அடைத்தால் மாற்றுக் காற்று வழியைத் திறக்க வேண்டும். உயரமானி ஒரே எண்ணில் உறைந்து நின்றால் அடைத்திருப்பது வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுத்துக்கொடுக்கும் ஸ்டாடிக் துளை, மாற்று ஸ்டாடிக் குமிழை இழுக்க வேண்டும். புரொப்பெல்லர் அதிர்ந்தால் சுழற்சியைச் சற்றே கூட்டிக் குறைத்தால் பனி உதறி விழலாம். ஒரு இதழில் விழுந்து மறு இதழில் நின்றால் அதிர்வு கூடும், மறுபடி முயல வேண்டும்.

இறங்கும்போது பனி ஒட்டியே இருந்தால் ஃபிளாப்பைத் தொடாமலோ மிகக் குறைவாகவோ வைத்து, வழக்கத்தைவிட வேகம் கூட்டி, எஞ்சின் சக்தியோடேயே தரையைத் தொட வேண்டும். தரைக்கு மேல் மிதக்கவிட்டு வேகத்தைக் கரைக்கும் வழக்கமான அழகு இங்கே உதவாது, ஆறடி உயரத்தில் இறக்கை கைவிட்டுவிடும். ஓடுபாதை நீளம் அதிகம் வேண்டும் என்பதால், பக்கத்துச் சின்ன ஓடுபாதையைவிடச் சற்றுத் தூரத்துப் பெரிய ஓடுபாதை நல்லது.

நம் ஊர் வெயிலிலும் வரும் பனி

இறக்கையில் வராத பனி, சென்னையில் எஞ்சினுக்குள் வரும். கார்புரேட்டர் உள்ள பழைய 172-களில், குறுகிய கழுத்து வழியாகக் காற்று பாயும்போது அழுத்தம் குறைந்து குளிரும், பெட்ரோல் ஆவியாகும்போது இன்னும் குளிரும். இரண்டும் சேர்ந்து 20 டிகிரிக்கு மேல்கூட வெப்பநிலையை இறக்கிவிடும். காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே பனியாகி வழியை அடைக்கும். 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலே என்றால் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் 38 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தாலும் வரலாம். கடலோர ஈரத்தில் மார்கழி விடியலில் பறப்பவர் முழுக்க இந்த வலயத்துக்குள்தான் இருக்கிறார். குறிப்பாக த்ராட்டிலை மூடி இறங்கிவரும்போது, அப்போது கழுத்து மிகக் குறுகியிருக்கும்.

அறிகுறி மெதுவானது. இதழ்க் கோணம் மாறாத புரொப்பெல்லர் என்றால் காரணமில்லாமல் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மருந்து, கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் குமிழை முழுக்க இழுப்பது, பாதி இழுப்பது அல்ல. இழுத்தவுடன் சூடான மெலிந்த காற்று போவதால் ஆர்பிஎம் இன்னும் இறங்கும். உள்ளே பனி இருந்தால் அது உருகித் தண்ணீராக எஞ்சினுக்குள் போகும், எஞ்சின் இருமும், உதறும், நிற்கப்போவது போல முனகும். பழகாதவர் கை இந்த இடத்தில்தான் பதறிக் குமிழை மறுபடி உள்ளே தள்ளுகிறது. பனி பாதி உருகிய நிலையில் அப்படியே நின்று, இறுகி, அடுத்த முறை உருக்கச் சூடே இல்லாத நிலைக்கு எஞ்சினைக் கொண்டுபோய்விடும். குமிழ் வெளியிலேயே இருக்கட்டும். இருமல் அடங்கி, ஆர்பிஎம் முள் தானாக மேலே ஏறும்வரை.